அத்தா தப்பாக வாசித்த ரெக்கார்டு

1

திருப்பூரில் ரெக்கார்டு சேர்ப்பவனுக்கு முதல் எதிரி கீறல் இல்லை, பஞ்சு. பினாங்கில் இருக்கும் உங்களுக்கு இது சுலபத்தில் புரியாது. அங்கே கடல் காற்றில் உறைக்குள் பூஞ்சை பூக்கும், துடைத்தால் போய்விடும். இது நூல் ஓடும் ஊர். ஜன்னலைச் சாத்தினாலும் கதவிடுக்கு வழியாகப் பஞ்சு உள்ளே வந்துவிடும். ஒரு பக்கம் பாடி முடிப்பதற்குள் ஊசி முனையில் சின்னதாக ஒரு தாடி முளைத்திருக்கும். சாக்ஸஃபோன்காரர் திடீரென்று ஜலதோஷம் பிடித்தவர் மாதிரி வாசித்தால் குறை அவரிடம் இல்லை என்பதைக் கண்டுபிடிக்கவே எனக்கு ஒரு வருடம் ஆனது.

எல்லோரும் இந்தியாவிலிருந்து வெளிநாடு போய், அங்கே உட்கார்ந்துகொண்டு ஊரைப் பற்றி எழுதுகிறார்கள். நான் தலைகீழ். பினாங்கில் பிறந்து வளர்ந்த எனக்கு வெளிநாடு என்பது திருப்பூர். துணி வாங்கும் ஒரு கம்பெனியின் ஆபீசில் தரம் பார்க்கும் வேலை. இரண்டு வருடம் என்று சொல்லிக்கொண்டு மனைவியையும் கைக்குழந்தையையும் கூட்டி வந்தேன். அந்தக் குழந்தை நஸ்ரின் இப்போது வேலைக்குப் போகிறாள். நான் இன்னும் "பாஸ்", "ரிஜெக்ட்" என்ற இரண்டே வார்த்தைகளை வைத்துக்கொண்டு சோறு தின்கிறேன்.

விசா புதுப்பிக்கப் போகும்போதெல்லாம் அதே கதைதான். மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் என் முகத்தைப் பார்ப்பார், பாஸ்போர்ட்டைப் பார்ப்பார், மறுபடி என் முகத்தைப் பார்ப்பார். "தமிழ் இவ்வளவு நல்லாப் பேசறீங்களே, எங்க கத்துக்கிட்டீங்க?" என்று ஒருவர் உண்மையாகவே ஆச்சரியப்பட்டார். அம்மாவிடம் என்றேன். அவர் அதை நம்பினாரா என்று இன்றுவரை தெரியாது.

2

ரெக்கார்டு விஷயத்தில் எனக்குச் சில அபிப்பிராயங்கள் உண்டு. பினாங்கு நண்பர்கள் சண்டைக்கு வருவார்கள், வரட்டும்.

இப்போது வரும் புதுப் பதிப்புகளில் "நூற்று எண்பது கிராம்" என்று பெருமையாக அச்சடித்து ஒட்டுகிறார்கள். கனமான தட்டு நல்ல தட்டாம். திருப்பூர்க்காரனிடம் இந்தக் கதை செல்லுமா? இங்கே துணியின் எடையைப் பார்க்காமல் யாரும் ஒரு மீட்டர்கூட வாங்குவதில்லை. ஆனால் எடை கூடினால் தரம் கூடிவிட்டது என்று சொன்னால் கேன்டீன்காரர்கூடச் சிரிப்பார். கனமான துணியிலும் மட்டமான நூல் இருக்கலாம். என்னிடம் அப்பளம் மாதிரி மெல்லிய ஜாஸ் தட்டு ஒன்று இருக்கிறது. அதில் டிரம்காரர் பிரஷ்ஷால் தோலைத் தடவும்போது என் கைமயிர் நிற்கும்.

அடுத்தது, பழைய ஒலிநாடாவை எடுத்து இரைச்சலையெல்லாம் நீக்கி, பளபளவென்று வெளியிடுகிறார்கள். அதிகமாக வெளுத்த துணிக்கு என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். வெள்ளையாகத்தான் இருக்கும், தொட்டால் உயிர் இருக்காது. மதுக்கூடத்தில் பதிவு செய்த ஜாஸ் என்றால் பின்னால் கண்ணாடி டம்ளர் சத்தம் வேண்டும். யாராவது ஒருவர் இருமத்தான் வேண்டும்.

வேகமாக வாசிப்பவர்களை நான் அவ்வளவாக மதிப்பதில்லை. வேகமாக ஓடும் மெஷினில் தையல் எப்படி விழுகிறது என்று கண்ணுக்குத் தெரியாது. மெதுவாக வாசிக்கச் சொல்லுங்கள், ஒவ்வொரு தையலும் தெரிந்துவிடும். ஜாஸ் கேட்பவர்கள் பழைய பாப் பாட்டு என்றால் மூக்கைச் சுருக்குவார்களே, அதுவும் எனக்குப் பிடிக்காது. இரண்டரை நிமிடத்துக்குள் காதலித்து, பிரிந்து, அழுது, முடித்துவிட்டு எழுந்து போகத் தெரிய வேண்டும். ஜாஸ்காரர்களில் பலருக்கு எழுந்து போகத் தெரியாது.

இதையெல்லாம் நான் ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரே ஒருவரிடம்தான் பேச முடியும். வீட்டுச் சொந்தக்காரர் சுப்பிரமணியண்ணன். கீழே அவருடைய பனியன் யூனிட், மேலே எங்கள் வீடு. பக்கத்துச் சாமளாபுரத்தில் தறிச் சத்தத்துக்கு நடுவில் தூங்கி வளர்ந்தவர். முதல் தடவை அவரை உட்காரவைத்து ஒரு ஜாஸ் ரெக்கார்டு போட்டேன். ஒரு பக்கம் முழுவதும் கைகட்டிப் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஏனுங்க பாய், இவீங்க எப்பங்க ஆரம்பிப்பாங்க?" என்றார்.

இப்போது அவருக்கும் அபிப்பிராயங்கள் வந்துவிட்டன. பியானோ அவருக்கு ஆகாது. "அந்தத் தடிச் சத்தம் இருக்குது பாருங்க, அதுதானுங்க மொதலாளி. மத்தவங்கெல்லாம் சம்பளத்துக்கு வாசிக்கறவங்க" என்று அடியில் ஓடும் பேஸ் தந்திகளை வாசிப்பவரைப் பற்றிச் சொன்னார். முப்பது வருடமாக ஜாஸ் கேட்கிறேன், இதைவிடச் சரியாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

3

என்னிடம் இருக்கும் ரெக்கார்டுகளையெல்லாம் விட, இல்லாத ஒன்றைத் தேடித்தான் அதிகம் அலைந்தேன்.

என் அத்தா பினாங்கில் ஒரு ஹோட்டல் நடனக் குழுவில் கிளாரினெட் வாசித்தவர். நான் பிறப்பதற்கு முன்பே அதை விட்டுவிட்டு மளிகைக் கடை வைத்துவிட்டார். நான் பார்த்த அத்தா தராசுக்குப் பின்னால் நிற்கும் அத்தாதான். கிளாரினெட்டை விற்றாயிற்று. குழுவில் இருந்தபோது ஒரு மலாய்ப் பாடகிக்காக ஒரே ஒரு சின்ன ரெக்கார்டில் அவர் வாசித்திருக்கிறார். தட்டில் பாடகியின் பெயர் மட்டும்தான் இருக்கும், "குழுவினருடன்" என்று கீழே பொடி எழுத்தில். அந்தக் காலத்து பாப் ரெக்கார்டுகளில் நம் ஆட்கள் எத்தனை பேர் அந்தப் பொடி எழுத்துக்குள் ஒளிந்திருக்கிறார்கள் என்று யாராவது தேடிப் பார்க்க வேண்டும்.

எங்கள் வீட்டில் அந்த ரெக்கார்டு இல்லை. யாராவது அதைப் பற்றிக் கேட்டால் அத்தா, "அது தப்பா வாசிச்சது, விடு" என்பார். அதற்கு மேல் ஒரு வார்த்தை வராது. என்ன தப்பு? சுருதி விலகியதா, தாளம் தவறியதா, நடுவில் மூச்சு நின்றுவிட்டதா? அம்மாவைக் கேட்டால் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு உள்ளே போய்விடுவார். இரண்டு பேரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். பிறர் தைத்ததில் தப்புக் கண்டுபிடித்தே பிழைக்கும் எனக்கு, சொந்த அத்தாவின் தப்பு என்னவென்று தெரியவில்லை. இந்த அரிப்பில்தான் நான் ரெக்கார்டு சேர்க்கவே ஆரம்பித்தேன்.

இந்த வருடம் அரிப்பு அவசரமாக மாறியது. காரணம் பினாங்கில் இருக்கும் என் அக்கா ஜுபைதா. என்னைவிட ரொம்ப மூத்தவள், அத்தா கிளாரினெட் வாசித்துக் கேட்டவர்களில் எங்கள் வீட்டில் மிச்சமிருப்பவள் அவள் ஒருத்திதான். ஒரு காது முழுக்கப் போய்விட்டது. மறு காதும் தேய்ந்துகொண்டே வருகிறது, மிஷின் வைத்தாலும் ரொம்ப நாள் தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அக்கா போனில் அழவில்லை. "கேக்குற காது இருக்கும்போதே அத்தாவோட அந்தப் பாட்ட ஒரு தடவ போட்டுக் காட்டுடா. அப்புறம் என்ன வேணா ஆகட்டும்லா" என்றாள்.

நஸ்ரினுக்கு இதில் பெரிய ஆர்வம் இல்லை. அவள் பேசுவது கொங்குத் தமிழ், குஜராத்தி வீட்டுக் கல்யாணத்தில் ஹிந்திப் பாட்டுக்கு ஆடுகிறாள். என்னிடமே "சாப்புட்டாச்சுங்களா அத்தா?" என்று கேட்பாள். ஜுபைதா அக்கா முதல் தடவை அதைக் கேட்டுவிட்டு, "என்னடா, மக உன்னத் தாசில்தார்கிட்டப் பேசற மாதிரி பேசறா?" என்று பயந்தே போனாள். பினாங்குக்குப் போகலாமா என்றால், "அது உங்க ஊருங்க அத்தா, நான் லீவுக்கு வரேன்" என்பாள். கோபித்துக்கொள்ள முடியாது. இந்த மண்ணில் அவள் வேர் விட்டுவிட்டாள், நான் இன்னும் தொட்டியில் இருக்கிறேன்.

4

பினாங்குக்குப் பக்கத்து ஊரான தைப்பிங்கில் பழைய ரேடியோ ரிப்பேர் கடை ஒன்றைக் காலி செய்தபோது அந்த ரெக்கார்டு கிடைத்தது. எனக்குத் தெரிந்த வியாபாரி படம் எடுத்து அனுப்பினான். பாடகி பெயர், "குழுவினருடன்", எல்லாம் சரியாக இருந்தது. நிலைமை "மிக நன்று" என்று எழுதியிருந்தான். ரெக்கார்டு வியாபாரியின் "மிக நன்று" எங்கள் சப்ளையர்களின் "லேசான கலர் வித்தியாசம்தான் சார்" என்பதற்குச் சமம். இருந்தாலும் அனுப்பச் சொன்னேன்.

சித்திரை வெயிலில் பார்சல் சென்னையில் சுங்கத்தில் மாட்டிக்கொண்டது. வேலைப் பழக்கத்தில், துணி சாம்பிளுக்கு எழுதுவது போலவே "வணிக மதிப்பு இல்லாதது" என்று வியாபாரியை எழுதவைத்திருந்தேன். அங்கே போனை எடுத்தவர் சட்டம் தெரிந்தவர் மட்டுமல்ல, புத்திசாலியும்கூட. "மதிப்பே இல்லாத பொருளுக்கு எதுக்குங்க சார் தினமும் போன் பண்றீங்க?" என்று கேட்டார். அத்தாவின் கதையைச் சொன்னேன். அவர், "எங்கப்பாவும் நாதஸ்வரம் வாசிச்சவர்தான். ரசீது ஒண்ணு அனுப்புங்க, பாக்கறேன்" என்றார்.

பார்சல் வந்தது. பிரித்தேன். வெயிலில் கிடந்து தட்டு அலை அலையாக நெளிந்திருந்தது. மேலே வைத்தால் ஊசி குதிரை மேல் போவது போல ஏறி இறங்கி, வெளியே தூக்கி எறியப்பட்டது. ஒரு நொடிகூடப் பாட்டு வரவில்லை. நான் நாற்காலியில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். வாய்விட்டுச் சொல்லிவிடுகிறேன், அன்று எனக்கு அழுகை வந்தது.

5

அந்த நேரம் பார்த்து மேலே வந்த சுப்பிரமணியண்ணன் தட்டைக் கையில் வாங்கி, துணியைப் பார்ப்பது போல விளக்குக்கு நேராகச் சாய்த்துப் பார்த்தார்.

"இது ஒண்ணும் கெட்டுப்போகலீங்க பாய். இழுபட்டுக் கெடக்குது. ரிலாக்ஸ் பண்ணிப்போடலாம்."

இங்கே ஒரு வார்த்தை விளக்க வேண்டும். பின்னல் துணி ரோலில் இழுபட்டுச் சுற்றியிருக்கும். அப்படியே எடுத்து வெட்டித் தைத்தால் முதல் சலவையில் டீ-ஷர்ட் குழந்தைச் சட்டை ஆகிவிடும். அதனால் வெட்டுவதற்கு முன் துணியை விரித்துப் போட்டு ஆறவிடுவார்கள். பிறகு வெட்டும் மேசையில் அடுக்கடுக்காக விரித்து, மேலே வடிவம் வரைந்த காகிதம் போட்டு, மின்சாரக் கத்தியால் ஒரே ஓட்டத்தில் வெட்டுவார்கள். அந்த அடுக்குக்கு இங்கே லே என்று பெயர்.

கீழே ஒரு லே தயாராக இருந்தது. துணி வாங்குபவரிடமிருந்து கலர் அப்ரூவல் வராததால் வெட்டாமல் நின்றிருந்தது. "அதுக்கு நடுவால ரெண்டு வழவழ அட்டைக்குள்ள வெச்சுப்போடலாங்க. மேலயும் துணி, கீழயும் துணி. ஒரே சீரான பாரம், ஒரே சீரான சூடு. கீறலும் உழுகாது. அப்ரூவல் எப்பங்க வரப்போகுது, அதுபாட்டுக்குக் கெடக்கட்டும்" என்றார். எனக்கும் நியாயமாகத்தான் பட்டது. கண்ணாடித் தகட்டுக்குள் வைத்து அடுப்பில் சூடாக்கச் சொல்லும் இன்டர்நெட் ஆட்களைவிட இவரை நம்பலாம் என்று கொடுத்தேன்.

சனிக்கிழமை ஆபீசில் மேசை நிறையக் கலர் சாம்பிள்கள். வரிசையாக விளக்குப் பெட்டிக்குள் வைத்துப் பார்த்தேன். ஒன்று கொஞ்சம் இழுபறிதான், ஆனாலும் வாரக் கடைசி, மனசு நன்றாக இருந்தது. பாஸ் போட்டு அனுப்பினேன். எந்த யூனிட்டின் துணி என்று நம்பரைத்தான் பார்ப்போம், பெயரைப் பார்ப்பதில்லை.

திங்கட்கிழமை காலையில் நஸ்ரின்தான் மாடிப்படியில் ஓடி வந்தாள். "அத்தா, கீழ வாங்க. லே மேல கத்தி போயிருச்சுங்க."

நான் பாஸ் போட்டது கீழே நின்றிருந்த அந்த லேதான். அப்ரூவல் வந்ததும் கட்டிங் மாஸ்டர், முதலாளி வருவதற்குள் வேலையை முடித்துவிடலாம் என்று கத்தியை ஓட்டிவிட்டார். கரகரவென்று சத்தம் வந்ததும் உடைந்த ஊசி ஏதோ சிக்கியிருக்கிறது என்று நிறுத்தியிருக்கிறார். நல்லவேளை. துணியைப் புரட்டி எடுத்தால், ஒரு டீ-ஷர்ட்டின் கழுத்து வளைவுக்குச் சரியாக, தட்டின் ஓரத்தில் ஒரு கடி.

சுப்பிரமணியண்ணன் வந்து பார்த்தார். அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. "நாந்தானுங்க பாய் வெச்சேன். ஒரு வார்த்தை சொல்லிப்போட்டுப் போயிருக்கோணும்" என்று தலையில் அடித்துக்கொண்டார். கட்டிங் மாஸ்டர் கத்தியை மறைத்துக்கொண்டு நின்றார். பாஸ் போட்டவன் நான் என்று சொன்னதும் மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். யாரைத் திட்டுவது? எல்லோரும் அவரவர் வேலையை ஒழுங்காகத்தான் செய்திருந்தோம்.

தட்டைத் துடைத்துக்கொண்டிருந்த நஸ்ரின்தான், "அத்தா, ஆனா நெளிவு போயிருச்சுங்க" என்றாள். உண்மைதான். கடியைத் தவிர மீதித் தட்டு சப்பாத்திப் பலகை மாதிரி மட்டமாக இருந்தது.

6

அன்று யூனிட்டில் வேலை நின்றது. மாடியில் என் சின்ன அறையில் சுப்பிரமணியண்ணன், கட்டிங் மாஸ்டர், நஸ்ரின், வாசலில் என் மனைவி. ரெக்கார்டின் தொடக்கம் ஓரத்தில்தான் இருக்கும். பாட்டு அங்கிருந்து உள்ளே சுற்றிச் சுற்றிப் போகும். ஓரம் போனதால் தொடக்கம் போயிற்று. கடியைத் தாண்டி ஊசியை வைத்தேன்.

பாடகி ஒரு வரியின் பாதியிலிருந்து பாட ஆரம்பித்தாள். நல்ல குரல், கொஞ்சம் குறும்பு. கிட்டார், மெல்லிய டிரம். இரண்டாவது சரணம் முடிந்ததும் அவள் ஒதுங்கினாள். கிளாரினெட் வந்தது.

நான் பார்த்தது தராசுக்குப் பின்னால் நின்ற மனிதரை. இது வேறு யாரோ ஒரு இளைஞன். அலட்டல் இல்லாமல், சிரித்துக்கொண்டே படியிறங்குவது போல வாசித்தான். முடியும் இடத்தில் நான்கு சுரங்கள், ஏறி, நின்று, இறங்கி. பாடகி ஒரு நொடி காத்திருந்து அடுத்த சரணத்தை எடுத்தாள். பாட்டு முடிந்தது.

மறுபடி போட்டேன். மறுபடி. பழக்க தோஷத்தில் பேனாவை எடுத்துக்கொண்டு தப்பைத் தேடினேன். சுருதி சுத்தம். தாளம் சுத்தம். மூச்சு எங்கும் உடையவில்லை.

"தப்பே இல்லீங்களே பாய்" என்றார் சுப்பிரமணியண்ணன். பிறகு குரல் இறங்கி, "ஒருவேள வெட்டுனதுல போயிருச்சாட்ட இருக்குதுங்க" என்றார்.

எனக்கும் அதே சந்தேகம்தான். அக்காவிடம் என்ன சொல்வது? இத்தனை வருடம் தேடிய தப்பை நானே பாஸ் போட்டு வெட்டிவிட்டேன் என்றா? சமாளிப்பதற்காக அந்தக் கடைசி நான்கு சுரங்களைப் பற்றி எல்லோருக்கும் ஒரு சொற்பொழிவு நடத்தினேன். பாட்டின் மெட்டில் இல்லாத சுரங்கள், இது அமெரிக்க ஜாஸ்காரர்களிடம் கற்றது, அத்தா அந்த ரெக்கார்டுகளையெல்லாம் நிச்சயம் கேட்டிருக்க வேண்டும், எவ்வளவு நவீனம் பாருங்கள் என்றேன். கட்டிங் மாஸ்டர் பக்தியோடு தலையாட்டினார்.

7

அக்காவுக்குப் போன் போட்டேன். அவள் மகன் போனை நல்ல காதில் வைத்துப் பிடித்துக்கொண்டான். நஸ்ரின் இந்தப் பக்கம் என் போனை ஸ்பீக்கர் பெட்டிக்குப் பக்கத்தில் பிடித்தாள். ஆரம்பம் இல்லை, வெட்டுப்பட்டுவிட்டது என்று முன்கூட்டியே சொல்லிவிட்டேன். "போடுடா மொதல்ல" என்றாள் அக்கா.

பாட்டு ஓடியது. கிளாரினெட் வந்தது. நான்கு சுரங்கள் வந்தன. அந்தப் பக்கம் "அட" என்று ஒரு சத்தம். பாட்டு முடிந்தது. கேட்கவில்லையோ என்று பயந்து, "அக்கா, கேட்டுச்சா?" என்று கத்தினேன்.

"கத்தாதடா, கேட்டுச்சு. அந்தக் கடைசியில வந்துச்சே, அது பாட்டு இல்லடா. அது நம்ம அத்தாவோட விசில்."

எந்த விசில் என்று கேட்டேன்.

"ஹோட்டல்ல வாசிச்சு முடிச்சு விடியக்காலைலதான் வருவாரு. அப்ப நாங்க ஒரு கடைக்கு மேல குடியிருந்தோம், கீழ்க் கதவு தாப்பா போட்டிருக்கும். தட்டுனா கடைக்காரன் முழிச்சு ஏசுவான்னு ரோட்ல நின்னு இந்த மாதிரி நாலு விசில் அடிப்பாரு. அம்மா எறங்கிப் போய்க் கதவைத் தொறப்பா. நீ அப்ப பொறக்கவே இல்ல. வாசிக்கறப்ப மனுஷனுக்கு வீட்டு ஞாபகம் வந்துருச்சு போல. கைபாட்டுக்கு வாசிச்சுருச்சு."

அப்படியென்றால் இதுதான் அத்தாவின் தப்பா, இதற்கா ஆயுள் முழுக்க வாயைத் திறக்கவில்லை என்று கேட்டேன்.

அக்கா சிரிக்க ஆரம்பித்தாள். சிரிப்பு எங்கே அழுகையானது என்று எனக்குத் தெரியவில்லை.

"ஒரு நா மத்தியானம் வீடு நெறைய ஆளுங்க, அத்தாவோட வாசிக்கறவங்க எல்லாம். ரேடியோவச் சுத்தி உக்காந்திருக்காங்க. அம்மா அடுப்படியில இருந்தவ, திடீர்னு கைய தொடச்சிட்டு அவசரமா எறங்கி ஓடுறா. எல்லாரும் விழுந்து விழுந்து சிரிக்கறாங்க, அத்தா மொகம் செவந்து போச்சு. எனக்கு ஒண்ணும் புரியல, அம்மா பின்னாடியே எறங்கிப் போனேன். இத்தன வருஷம் கழிச்சு இப்பத்தான்டா புரியுது, அன்னிக்கி ரேடியோல ஓடுனது இந்தப் பாட்டுதான். அம்மா கதவைத் தொறந்து வெச்சுட்டு, அத்தா எங்கேன்னு ரோட்டப் பாத்துக்கிட்டு நின்னா. அத்தா மேல நாற்காலியில உக்காந்திருக்காரு."

நஸ்ரின் போனைப் பிடித்த கையை இறக்கவே இல்லை. சுப்பிரமணியண்ணன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"இன்னொரு தடவ போடுடா" என்றாள் அக்கா.

ஊசியில் ஒட்டியிருந்த பஞ்சை ஊதிவிட்டுப் போட்டேன்.